அலோடினியா: 'மெல்லூற்று வலி' எனலாமா?

அன்புடையீர்,

துணியோ காற்றோ மெல்லப் பட்டாலே வலிக்கும் நிலையான அலோடினியாவுக்கு (allodynia) தமிழ்ச்சொல்லாக இங்கே மற்றவர்கள் முன்வைத்த 'தொடுவலி', 'மாற்றுவலி', 'தகாவலி' ஆகிய மூன்றையும் அகராதியை ஒருபுறம் வைத்துவிட்டு, நோயாளி ஒருவருக்குப் பொருத்திப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன்.

அக்கி வந்து கொப்புளங்கள் ஆறி மூன்று மாதங்கள் ஆன ஓர் அம்மாள் அவர். "புண்ணு ஆறிப்போச்சு டாக்டர், ஆனா ஃபேன் காத்து பட்டாலே காந்துது, கிள்ளினா ஒண்ணும் தெரியல" என்றார். இடப்பக்க விலாவின் மேல் பஞ்சுத் திரியால் மெல்ல வருடியபோது உடம்பைச் சுருக்கிக்கொண்டார். அதிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளிக் குண்டூசி முனையை வைத்தபோதோ, 'ஏதோ படுது' என்பதற்கு மேல் அவருக்குச் சொல்ல ஒன்றுமில்லை. இசைக்கவையின் குளிர்ந்த தண்டு பட்டதும் மறுபடி எரிச்சல் என்றார். ஒரு கையகல இடத்துக்குள் உணர்வு இழப்பும் உணர்வு மிகையும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன; நரம்பு பழுதானதால் வரும் வலிக்கு இதுவே கைகண்ட அடையாளம்.

சர்வதேச வலி ஆய்வுக் கழகத்தின் வரையறைப்படி, இயல்பாக வலி தராத தூண்டலால் எழும் வலியே அலோடினியா. இயல்பிலேயே வலி தரக்கூடிய தூண்டல் அளவுக்கு மீறி வலித்தால் அது ஹைப்பரால்ஜீசியா. இரண்டையும் பிரிக்கும் கோடு தூண்டலின் தன்மையில்தான் இருக்கிறது, வலியின் கடுமையில் இல்லை. இந்த அம்மாளுக்குக் குளிரும் வலித்தது என்பதாலேயே 'தொடுவலி' குறுகிவிடுகிறது. 'மாற்றுவலி', 'வேறு' என்று பொருள்படும் கிரேக்க முன்னொட்டை அப்படியே பெயர்த்த சொல். இதயத்து வலி இடக்கையில் தெரிவதைப் போன்ற இடம் மாறிய வலியையே படிப்பவர் நினைப்பார். 'தகாவலி' எனக்கு அறவே உடன்பாடில்லை. வலி நடிப்போ என்று வீட்டாரே ஐயுறும் ஒருவரது நோய்க்குறிப்பில், உன் வலி தகாதது என்று நாமும் எழுத வேண்டாம். 'அல்வலி' என்று எனக்கே ஒரு சொல் தோன்றியது. வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தபோது புணர்ச்சி இலக்கணத்து அல்வழிதான் காதில் விழுந்தது, விட்டுவிட்டேன்.

நம்மிடம் 'ஊறு' என்ற சொல் இருக்கிறது. சுவை, ஒளி, ஊறு, ஓசை, நாற்றம் என்ற ஐந்தில் அது தோலால் அறியப்படுவது. பழைய உரைகாரர்கள் வெம்மை, தண்மை, வன்மை, மென்மை முதலாக எட்டு வகையை அதற்குள் அடக்கினார்கள். இன்றைய உணர்வுச் சோதனைகளில் பஞ்சு, அழுத்தம், வெப்பம், குளிர் என்று நாம் தனித்தனியே சோதிப்பவற்றுக்கெல்லாம் இந்த ஒரு சொல்லில் இடமுண்டு. ஆனால் ஊறு என்பதற்குக் காயம், கேடு என்ற பொருளும் வழக்கில் உறுதியாக இருப்பதால், 'ஊற்றுவலி' என்று மட்டும் சொன்னால் அடிபட்ட வலி என்றாகிவிடும். அதனால்தான் 'மெல்' என்ற அடையைச் சேர்த்து 'மெல்லூற்று வலி' என்று முன்மொழிகிறேன். மென்மையான ஊறு எதுவாயினும், துணியோ காற்றோ லேசான குளிரோ, அதனால் எழும் வலி. 'மென்வலி' என்று சுருக்கிவிடக் கூடாது, அது குறைந்த வலியாகிவிடும். இணையாக ஹைப்பரால்ஜீசியாவை 'வல்லூற்று வலி' ஆக்கலாமே என்று யாராவது கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்: வல்லூறு வானத்தில் பறந்துகொண்டிருக்கட்டும், இங்கே 'மிகைவலி' போதும்.

இதே வேரிலிருந்து, தோலின் உணர்வை எண்ணால் அளக்கும் அளவுமுறை உணர்வுச் சோதனையை 'ஊற்றுணர்வு அளவீடு' எனலாம். 'உணர்திறன் சோதனை' என்ற சொல் ஒவ்வாமைக்கும் ஆய்வகச் சோதனைகளின் துல்லியத்துக்கும் ஏற்கெனவே செலவாகிவிட்டது. ஜெர்மானிய நரம்புவலி ஆய்வு வலையமைப்பு 2006இல் வெளியிட்ட நெறிமுறையில் 7 சோதனைகள் வழியாக 13 அளவுகள் எடுக்கிறார்கள். வெப்பச் சோதனையில் தோலின் மேல் வைத்த தகடு 32 பாகை செல்சியஸில் தொடங்கி நொடிக்கு ஒரு பாகை வீதம் ஏறும் அல்லது இறங்கும். சூடோ குளிரோ உணர்ந்ததும் நோயாளி பொத்தானை அழுத்த வேண்டும். எண் கணினியில் பதிந்தாலும் சொன்னவர் நோயாளிதான். 'உணர்ந்ததும்' அழுத்துங்கள் என்பதற்கும் 'வலித்ததும்' அழுத்துங்கள் என்பதற்கும் வேறுபாட்டை அவர் மொழியில் நாம் விளக்கவில்லையென்றால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை.

நோயாளி தன் வலியைச் சொல்லும் சொற்களைக் கேட்டறியும் வினாத்தாள்களில் சிக்கல் இன்னும் கூடுதல். வலி ஆய்வாளர் மெல்சாக் 1975இல் வெளியிட்ட மெக்கில் வலி வினாத்தாள் 78 சொற்களை 20 தொகுதிகளாக அடுக்குகிறது. அதைச் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பது வீண்வேலை. நரம்புசார் வலியைக் கண்டறிய 2005இல் பிரெஞ்சு மருத்துவர்கள் உருவாக்கிய டிஎன்4 (DN4) வினாத்தாள் சிறியது: 10 கூறுகள், அவற்றில் 7 நோயாளி சொல்பவை, 3 நாம் தொட்டுப் பார்ப்பவை, 4 மதிப்பெண் வந்தால் நரம்புசார் வலி என்று கருதலாம். அதில் ஆங்கிலப் படி 'ஊசிகளும் குண்டூசிகளும்' என்று குறிப்பதை 'ஊசி குத்துவது போல்' என்று எழுதினால், நம்மவர் அதைக் குத்தல் வலியாகவே கொள்வார். கால் மரத்து மீளும்போது வரும் அந்த உணர்வை அவர்கள் 'எறும்பு ஊருது', 'சுருசுருன்னு இருக்கு' என்கிறார்கள். 'எரிச்சல்' வயிற்றுக்கும் மனத்துக்கும் பொதுவாகிப்போனதால் பக்கத்தில் 'காந்தல்' என்றும் அச்சிடலாம். 'மதமதப்பு' வந்தால் நிறுத்திக் கேளுங்கள். சிலருக்கு அது மரத்துப்போதல், சிலருக்கு ஊரல்.

மெல்லூற்று வலி நோய்க்குறிப்புக்கும் பாடநூலுக்கும் உரிய சொல். நோயாளியிடம் 'சேலை ஓரமோ போர்வையோ பட்டால் வலிக்கிறதா' என்றே கேட்க வேண்டும். குறிப்பில் 'மெல்லூற்று வலி: பஞ்சு, குளிர்' என்று தூண்டலையும் சேர்த்தெழுத வேண்டும். ஊற்று என்றால் நீரூற்று நினைவுக்கு வரும் என்ற தடையை எதிர்பார்க்கிறேன். சோறு சோற்றுப்பானை ஆவதைப் போல ஊறு ஊற்று ஆகிறது; பழகினால் சரியாகிவிடும் என்பது என் கருத்து, மறுப்பவர்கள் வேறு சொல்லோடு வந்தால் மகிழ்வேன்.

முற்றிலும் உணர்வற்றுப்போன இடத்திலேயே வலி நிலைத்து நிற்கும் நிலைக்கும் இன்னும் தமிழ்ச்சொல் அமையவில்லை. 'மரத்த இடத்து வலி' என்று தற்காலிகமாக எழுதி வருகிறேன். இதைவிடச் செறிவான சொல் யாரிடமேனும் உண்டா?