உருவ ஓவியங்களையும் முகப் புகைப்படங்களையும் ஒரே மண்டபத்தில் கலந்து மாட்டலாமா?

கேள்வி: களப்போரம் (கல்லடி)

மனித முகங்களை மட்டுமே பொருளாகக் கொண்ட கண்காட்சி ஒன்றை, மட்டக்களப்பு நகரில் பொதுமக்கள் கட்டணமின்றி வந்துபோகும் மண்டபமொன்றில் நடத்துவதற்கு, ஓவியம் வரைவோரும் புகைப்படம் எடுப்போருமாக நாங்கள் சிலர் ஆயத்தம் செய்து வருகிறோம். கூத்து அண்ணாவிமார், வாவியில் வலை வீசுவோர், மருதமுனைத் தறிகளில் நெய்வோர், பறங்கியர் சமூகத்து முதியோர் எனப் பலரும் இணங்கிப் படைப்புகளும் சேர்ந்துவிட்டன. அவற்றை எவ்வாறு மாட்டுவது என்பதில்தான் எங்களுக்குள் இணக்கம் ஏற்படவில்லை.

புகைப்படத்துக்குப் பக்கத்தில் ஓவியத்தை வைத்தால் வருவோர் "ஆளைப் போலவே இருக்கிறதா" என்பதை மட்டும் பார்த்துவிட்டுப் போவார்கள், ஆகவே இரண்டுக்கும் தனித்தனிப் பகுதிகள் வேண்டும் என்கிறார்கள் ஓவியர்கள். வந்திருக்கும் ஓவியங்களில் பெரும்பாலானவை கைபேசிப் படத்தின் மேல் கட்டம் போட்டுப் பெருப்பித்து வரையப்பட்டவை, அவற்றை எதற்காக மேலான வரிசையில் வைக்க வேண்டும் என்று புகைப்படக்காரர்கள் திருப்பிக் கேட்கிறார்கள். இதற்கிடையே, காணாமல் ஆக்கப்பட்ட மகனின் முகத்தை அவருடைய தேசிய அடையாள அட்டைப் படத்திலிருந்து, தாயார் கேட்டுக்கொண்டதற்கிணங்க வரைந்த ஓவியம் ஒன்றும் வந்திருக்கிறது. அதை எங்கே வைப்பது என்று எவருக்கும் சொல்லத் தெரியவில்லை. மண்டபத்தின் ஒரு பக்கம் முழுவதும் சன்னல்கள், வாவிக்காற்று நேரே உள்ளே வரும் என்பதையும் கருத்திற்கொண்டு அனுபவமுள்ளவர்கள் வழி சொல்ல வேண்டும்.

பதில்: வண்ணக்கலவை (காரைதீவு)

தம்பி, நான் சித்திரப் பாடம் கற்பித்து ஓய்வு பெற்றவன். ஆகவே ஓவியர் பக்கமே சாய்வேன் என்று உங்கள் நண்பர்கள் எதிர்பார்க்கக்கூடும். ஆனால் கலந்து மாட்டுவதே சரி என்பது என் கருத்து.

புகைப்படத்தைப் பார்த்து வரைவது இன்று தொடங்கிய பழக்கமன்று. 1843இல் ஸ்கொத்லாந்துத் திருச்சபையிலிருந்து 400க்கும் மேற்பட்ட குருமார் விலகித் தனித் திருச்சபை அமைத்தபோது, அந்த நிகழ்வை ஒரே ஓவியமாகத் தீட்ட முற்பட்ட டேவிட் ஒக்டேவியஸ் ஹில் என்னும் நிலக்காட்சி ஓவியர், அத்தனை முகங்களையும் நேரில் இருத்தி வரைய இயலாதென்று கண்டு, றொபேட் அடம்சன் என்ற இளம் புகைப்படக்காரருடன் சேர்ந்து ஒவ்வொருவராக அமரச் செய்து படமெடுத்தார். ஓவியம் முடிவடைந்தது 1866இல். அதற்கு 18 ஆண்டுகளுக்கு முன்பே அடம்சன் இறந்துபோயிருந்தார். இன்று கலை வரலாறு போற்றுவது நெரிசலாகத் தலைகள் நிரம்பிய அந்தப் பெரிய ஓவியத்தையன்று, அதற்குக் குறிப்பாக எடுக்கப்பட்ட புகைப்படங்களையே. எது மூலம், எது நகல், எது மேல், எது கீழ் என்று முன்கூட்டியே வரிசை வகுப்பவர்கள் இதைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

எனினும் புகைப்படக்காரர்களின் முறைப்பாட்டில் உண்மை இருக்கிறது. ஒருவரை எதிரே அமர்த்தி வரைகையில் அவர் களைக்கிறார், கதைக்கிறார், தோளைத் தளர்த்துகிறார். அந்த மாற்றங்களையெல்லாம் கண்டு எதை வைப்பது, எதை விடுவது என்று ஓவியர் முடிவெடுக்கிறார். கட்டம் போட்டு வரைபவரோ வேறொருவர் ஒரு நொடியில் எடுத்த முடிவைத் தம் கைத்திறனால் பெருப்பித்துத் தருகிறார். இரண்டும் உழைப்புத்தான், ஆனால் ஒரே உழைப்பு அல்ல. ஆகவே ஒவ்வோர் ஓவியத்தின் கீழும் "நேரில் அமர்த்தி வரைந்தது" அல்லது "புகைப்படத்தைப் பார்த்து வரைந்தது" என்று எழுதிவிடுங்கள். இரண்டாவது வகையாயின் அந்தப் படத்தை எடுத்தவரின் பெயரும் அங்கே இருக்க வேண்டும். இது மரியாதைக்காக மட்டும் சொல்வதன்று. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி புகைப்படமும் பதிப்புரிமை உள்ள படைப்பே, முன்அனுமதி பெற்றிருப்பது உங்களுக்கும் பாதுகாப்பு. ஒன்றை மட்டும் செய்ய வேண்டாம்: ஓவியத்தையும் அதற்கு மூலமான படத்தையும் அருகருகே மாட்டாதீர்கள். அப்படி மாட்டினால் வருவோர் அனைவரும் வித்தியாசம் தேடும் விளையாட்டில் இறங்கிவிடுவார்கள்.

பதில்: இருட்டறை (கல்முனை)

ஐயா சொன்னதுடன் பெரும்பாலும் உடன்படுகிறேன். நான் ஸ்ரூடியோத் தொழில் செய்பவன் என்பதால் ஒரு சங்கதியைச் சேர்க்க வேண்டும். கைபேசியை முகத்துக்கு அரை மீற்றர் நெருக்கிப் பிடித்தெடுத்த படத்தில் மூக்கு பெருத்து, காதுகள் பின்வாங்கி, நெற்றி புடைத்துத் தெரியும். வில்லையை மாற்றினால் இது தீராது, தூரத்தைக் கூட்டினால்தான் தீரும். ஒன்றரை, இரண்டு மீற்றர் தள்ளி நின்று 85 மில்லிமீற்றர் குவியத்தூரம் கொண்டது போன்ற வில்லையால் எடுப்பதன் காரணம் இதுதான். அத்தகைய கைபேசிப் படத்தைப் பார்த்து வரைபவர் அந்தப் புடைப்பையும் சேர்த்தே வரைந்து, பிறகு அது தம் பாணி என்கிறார். தேர்வுக் குழுவில் ஒரு புகைப்படக்காரர் இருந்தால் இது உடனே பிடிபடும்.

இனி மண்டபத்தைப் பற்றி. சன்னல்களுக்கு நேர் எதிரான சுவரில் கண்ணாடி போட்ட படங்களை மாட்டினால், பார்ப்பவருக்குத் தெரியப்போவது சன்னலும் அவருடைய சொந்த முகமுமே. கண்ணாடி தேவைப்படாத எண்ணெய், அக்கிரிலிக் ஓவியங்களுக்கு அந்தச் சுவரைக் கொடுத்து, கண்ணாடியிட்ட புகைப்படங்களையும் நீர்வண்ணங்களையும் பக்கச் சுவர்களில் வையுங்கள். ஐயா விரும்பும் கலப்பை முழு அளவில் செய்வதற்கு இந்த மண்டபம் இடங்கொடாது. பக்கச் சுவர்களில் வேண்டுமானால் எண்ணெய் ஓவியங்கள் சிலவற்றை இடையிடையே கலக்கலாம்.

வெளிச்சத்தின் அளவாக அருங்காட்சியகங்கள் பொதுவாகக் கடைப்பிடிப்பது நீர்வண்ணம், பழைய புகைப்படம் போன்றவற்றுக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு), எண்ணெய் ஓவியத்துக்கு 200 லக்ஸ். ஆனால் வெளிச்சத்தால் வரும் சேதம் வெளிச்சத்தையும் நேரத்தையும் பெருக்கிப் பார்க்க வேண்டிய ஒன்று. பத்து நாள், நாளுக்கு எட்டு மணித்தியாலம், 200 லக்ஸ் என்று கணக்கிட்டால் 16,000 லக்ஸ் மணித்தியாலம். அதே எட்டு மணித்தியாலக் கணக்கில் 50 லக்ஸில் ஆண்டு முழுவதும் தொங்கும் படத்துக்குச் சேர்வதோ ஏறத்தாழ 150,000. ஆகவே புதிதாக அச்சிட்ட படங்களைப் பற்றிக் கவலைப்படாமல் ஒரே வெளிச்சத்தை வைத்துக்கொள்ளலாம். யாராவது வீட்டிலிருந்து கைவண்ணம் தீட்டிய பழைய ஸ்ரூடியோப் படத்தை இரவல் தந்திருந்தால் அதை மட்டும் மங்கலான மூலையில் வையுங்கள். நேர்வெயிலுக்கு இந்தக் கணக்கொன்றும் பொருந்தாது, சன்னல்களுக்குத் திரைச்சீலை கட்டாயம்.

வாவிக்காற்றின் ஈரத்தில் புகைப்படத்தின் மேற்பரப்பு கண்ணாடியில் ஒட்டிக்கொண்டால், உரிக்கையில் முகமே போய்விடும். படத்தைச் சுற்றி மட்டை விளிம்பு வைத்துச் சட்டமிட்டால் கண்ணாடிக்கும் படத்துக்கும் இடைவெளி கிடைக்கும். சட்டத்தின் பின்புறம் கீழ் மூலைகளில் சிறு தக்கைத் துண்டுகளை ஒட்டினால் சுவருக்கும் சட்டத்துக்கும் இடையே காற்று புகும், பூஞ்சணம் பிடிப்பது குறையும். கார்த்திகை, மார்கழி மழையைத் தவிர்த்துவிடுங்கள். படங்களின் நடுப்பகுதி தரையிலிருந்து 150 சென்ரிமீற்றர் அளவில் இருக்கட்டும். பாடசாலைப் பிள்ளைகள் அதிகம் வருவார்களானால் சிறிது தாழ்த்தலாம். வட்ஸ்அப்பில் வந்த கோப்பை அச்சுக்குக் கொடுக்காதீர்கள். ஏ3 அளவில் தெளிவாக அச்சிட ஏறத்தாழ 3500க்கு 4960 படவணுக்கள் (பிக்சல்) வேண்டும், மூலக் கோப்பையே கேட்டு வாங்குங்கள்.

கேள்வி கேட்டவர்: களப்போரம்

ஐயாவுக்கும் அண்ணாவுக்கும் நன்றி. சுவர்களைப் பிரிக்கும் விடயம் பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. அந்தத் தாயாரின் ஓவியத்தைப் பற்றி எவரும் ஒன்றும் சொல்லவில்லையே?

பதில்: நெய்தல் (மட்டக்களப்பு)

தம்பி, அதை "புகைப்படத்தைப் பார்த்து வரைந்தது" என்ற பொது வரியில் அடைத்துவிட முடியாது. மற்ற ஓவியர்களுக்கு ஆளை நேரில் அமர்த்தும் வாய்ப்பு இருந்தது. இங்கே அது இல்லை. எதிலிருந்து, யார் கேட்டு வரையப்பட்டது என்பதைத் தாயார் ஏற்கும் சொற்களில் எழுதி, அவரிடம் வாசித்துக் காட்டிய பின் ஒட்டுங்கள். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். எங்கள் வீடுகளில் கூடத்துச் சுவரில் பெரிதாகச் சட்டமிட்டு, மாலையிட்டு, சிறு மின்குமிழ் எரியவிட்ட முகம் என்றால் அவர் இறந்துவிட்டார் என்றே வருவோர் கொள்வர். அந்தப் படம்தான் 31ஆம் நாள் நினைவு மலரின் அட்டையிலும் இருக்கும். மகன் வருவான் என்று காத்திருக்கும் தாயொருவர் கேட்டு வரைந்த ஓவியத்துக்கு, திறப்பு விழா அலங்காரம் என்ற பெயரில் எவரும் பூச்சரமோ விளக்கோ வைத்துவிடக் கூடாது. இதை மண்டபத்தில் வேலை செய்வோருக்கும் முன்பே சொல்லிவையுங்கள். நினைவுப் பகுதி என்று தனி மூலை ஒதுக்கி அங்கே வைப்பதும் வேண்டாம். உயிருள்ளோரின் முகங்களோடு முகமாக அது இருக்கட்டும்.

சுவரில் தொங்கும் முகம் இறந்தவருடையதாகவே இருக்க வேண்டும் என்ற எண்ணம் எங்களுக்கு மட்டும் உரியதுமன்று. 1856இல் நிறுவப்பட்ட இலண்டன் தேசிய உருவப்படக் கலைக்கூடமே, ஆட்சியிலிருக்கும் அரச தம்பதியரைத் தவிர உயிரோடிருப்போரின் படங்களை 1969 வரை தன் தொகுப்பில் சேர்த்ததில்லை.

அடுத்தது பெயர். ஜூலியா மார்கரெட் கமரன் என்ற புகைப்படக் கலைஞர் இங்கிலாந்தில் எடுத்த கவிஞர் டெனிசன், அறிவியலாளர்கள் டார்வின், ஹேர்ஷல் ஆகியோரின் படங்கள் அவர்கள் பெயராலேயே அறியப்படுகின்றன. அதே பெண்மணி 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் இங்கேயே இறக்கும்வரை எடுத்தவற்றில் எஞ்சிய உள்ளூர் மக்களின் படங்களோ பெரும்பாலும் "களுத்துறைக் குடியானவர்கள்" போன்ற தலைப்புகளைத்தான் தாங்கி நிற்கின்றன. எங்கள் கண்காட்சிகளிலும் "மீனவர்", "முதுமை", "உழைப்பு" என்று தலைப்பிடும் வழக்கம் இன்னும் போகவில்லை. எடுத்தவரின் பெயர் தடித்த எழுத்தில் இருக்கும், முகத்துக்குரியவர் யாரென்று தெரியாது. ஆள் விரும்பினால் அவருடைய பெயர், ஊர், தொழில் மூன்றையும் முதல் வரியில் இட்டு, கலைஞரின் பெயரை இரண்டாவது வரிக்கு இறக்குங்கள்.

விரும்பாதவர்களும் இருப்பார்கள். காத்தான்குடியிலோ மருதமுனையிலோ மட்டுமல்ல, எந்தச் சமூகத்திலும், தம் வீட்டுப் பெண்ணின் முகம் பொதுச் சுவரில் தொங்குவதை ஏற்காத குடும்பங்கள் உண்டு. படமெடுத்தபோது சிரித்துக்கொண்டு நின்ற பெண்ணே பிறகு வேண்டாம் என்று சொல்லவும் கூடும். படமெடுக்கச் சம்மதித்தது வேறு, மண்டபத்தில் மாட்டச் சம்மதிப்பது வேறு, பதாகையிலும் முகநூலிலும் போடச் சம்மதிப்பது வேறு. இம்மூன்றையும் தனித்தனியாகக் கேட்டுத் தமிழில் எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். வருவோர் கைபேசியில் படமெடுத்துப் பகிர்வார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அழைப்பிதழில் யாருடைய முகத்தைப் போடுவதென்று, கையொப்பங்கள் எல்லாம் வந்து சேர்ந்த பிறகு பேசிக்கொள்ளலாம்.