ஞானஸ்நானப் பதிவில் தந்தையின் பெயர் இல்லை: பாட்டியின் தகப்பனாரைக் கண்டறிய வழி உண்டா?

போத்தனூர்ப் பேரன் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவைப் பெற்ற பாட்டி 1921ஆம் ஆண்டு மார்ச் மாதம் போத்தனூரில் கத்தோலிக்கக் கோயிலில் ஞானஸ்நானம் பெற்றவர். அவருடைய தகப்பனார் யார் என்பது எங்கள் குடும்பத்தில் எவருக்கும் தெரியாது. "எம்.எஸ்.எம். (மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா) ரயில்வேயில் டிரைவராக இருந்த வெள்ளைக்காரர், சீமைக்குப் போனவர் திரும்பவில்லை" என்ற ஒரே வரிதான் மூன்று தலைமுறையாகச் சொல்லப்பட்டு வருகிறது. பாட்டி 2003இல் காலமானார். தகப்பனாரைப் பற்றி யாராவது பேச்செடுத்தால், கையில் இருக்கும் வேலையை அப்படியே வைத்துவிட்டு அடுப்படிக்குள் போய்விடுவார்.

சென்ற மாதம் பங்குத்தந்தையின் அனுமதியுடன் பழைய பதிவேட்டைப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டேன். பதிவு இலத்தீனில், சரிந்த கையெழுத்தில் இருக்கிறது. பிறந்து ஆறு வாரம் கழித்து ஞானஸ்நானம் கொடுத்திருக்கிறார்கள். குழந்தைக்கு இரண்டு பெயர்கள். முதலாவது ஒரு புனிதையின் பெயர், இரண்டாவது ஆங்கிலேயர்களின் குடும்பப்பெயரைப் போன்றது. தாயின் பெயர் தமிழ்ப் பெயர், வசிப்பிடம் ஜோலார்பேட்டை. தந்தையின் பெயர் வர வேண்டிய இடத்தில் 'பாத்தெர் இக்னோத்துஸ்', அதாவது 'தந்தை அறியப்படாதவர்' என்று எழுதியிருக்கிறது. ஆனால் பாட்டியின் 1941ஆம் ஆண்டுத் திருமணப் பதிவில் தகப்பனார் என்று ஓர் ஆங்கிலப் பெயரும் 'காலமானவர்' என்ற குறிப்பும் உள்ளன. அந்தக் குடும்பப்பெயரும் பாட்டியின் இரண்டாம் பெயரும் வேறுவேறு.

'அறியப்படாதவர்' என்றால் கொள்ளுப்பாட்டிக்கே தெரியாது என்று பொருளா? இந்த இரண்டு பெயர்களில் எதை நம்புவது? அம்மாவுக்கு 78 வயது, மாமாவுக்கு 82. அவர்கள் இருக்கும்போதே தெரிந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன். பெயர்களை இங்கே எழுதாததற்கு மன்னிக்கவும்.

பழைய ஏடு:

தம்பி, முதலில் உங்கள் மனத்தை உறுத்தும் அந்தச் சொல்லைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 1918 மே மாதம் நடைமுறைக்கு வந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 777ஆம் விதி, மணஉறவுக்கு வெளியே பிறந்த குழந்தையின் பதிவில் தந்தையின் பெயரை எப்போது எழுதலாம் என்று வரையறுக்கிறது. தந்தை தானாகவே முன்வந்து எழுத்து மூலமாகவோ இரண்டு சாட்சிகள் முன்னிலையிலோ கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்; அல்லது ஓர் அதிகாரபூர்வ ஆவணத்திலிருந்து அவர் இன்னார் என்று தெரிந்திருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் 'தந்தை அறியப்படாதவர்' என்றே எழுத வேண்டும் என்பது விதி. ஆகவே 1921இல் அந்தக் குருவானவருக்கும் ஊராருக்கும் ஆளைத் தெரிந்திருந்தாலும்கூட அவர் வேறு விதமாக எழுதியிருக்க முடியாது. உங்கள் கொள்ளுப்பாட்டியைப் பற்றி அந்தச் சொல் எதையும் சொல்லவில்லை. அந்த மனிதர் குருவானவரிடம் வந்து கேட்கவில்லை என்பதை மட்டுமே அது சொல்கிறது. வீட்டுப் பெரியவர்களிடமும் இதைத் தயவுசெய்து சொல்லுங்கள். அந்த ஒற்றைச் சொல்லைத் தவறாகப் புரிந்துகொண்டு நொந்துபோன குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்து, 'பாத்ரினி' என்ற சொல்லுக்குப் பின்னால் ஞானத்தகப்பன், ஞானத்தாய் ஆகியோரின் பெயர்கள் இருக்கும். நீங்கள் அவற்றைக் குறிப்பிடவே இல்லை. தந்தையின் பெயர் விடுபட்ட பதிவில் நான் முதலில் படிப்பது அந்த வரியைத்தான். ஜோலார்பேட்டையில் குடியிருந்தவர் கைக்குழந்தையோடு சுமார் 280 கிலோமீட்டர் தள்ளிப் போத்தனூருக்கு வந்திருக்கிறார் என்றால், அங்கே அவருக்கு இடம் கொடுத்தவர்கள் யாரோ இருந்திருக்க வேண்டும்; பிள்ளையைக் கையில் ஏந்தி நின்றவர்களும் அவர்களாகவே இருக்கக்கூடும். ஓரக்குறிப்பையும் பாருங்கள். பிற்காலத்தில் நடந்த திருமணத்தை ஞானஸ்நானப் பதிவின் ஓரத்தில் குறிப்பது வழக்கம். 1918 முதல் 1925 வரையிலான பக்கங்களில் அதே தாயின் பெயர் மீண்டும் வருகிறதா என்று தேடினால், கூடப்பிறந்தவர் எவரேனும் இருந்தாரா என்பதும் தெரியவரும்.

1941ஆம் ஆண்டுப் பெயரை அப்படியே நம்பிவிட வேண்டாம். கல்யாணப் பெண்ணுக்குத் தகப்பன் பெயர் இல்லையென்றால் பந்தலிலேயே பேச்சு எழும். அதனால் வளர்த்தவரின் பெயரையோ, ஞானத்தகப்பனின் பெயரையோ, சில சமயம் இல்லாத ஒருவரின் பெயரையோ சொல்லி, 'காலமானவர்' என்று சேர்த்துவிடுவார்கள். அந்தச் சொல் இருந்தால் மேற்கொண்டு யாரும் கேட்க மாட்டார்கள். பாட்டியின் இரண்டாம் பெயரைத்தான் நான் பெரிதாக எண்ணுகிறேன். தந்தையின் பெயரைப் பதிவில் எழுத முடியாத தாய், அவருடைய குடும்பப்பெயரைக் குழந்தையின் பெயரோடு சேர்த்துவைப்பது ஆங்கிலேயர்களிடையே நெடுங்காலம் இருந்த பழக்கம்.

ரயில்வே குடியிருப்பு:

ஐயா, உங்கள் குடும்பத்தில் வழங்கும் அந்த ஒரு வரியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பழைய மெட்ராஸ் ரயில்வே 1908இல் பிரிக்கப்பட்டபோது, ஜோலார்பேட்டையிலிருந்து போத்தனூர் வழியாக மங்களூர் செல்லும் பாதை சவுத் இந்தியன் ரயில்வேக்குப் போய்விட்டது. சென்னையிலிருந்து ஜோலார்பேட்டை வழியாகப் பெங்களூர் செல்லும் பாதைதான் எம்.எஸ்.எம். வசம் இருந்தது. எனவே 1921இல் போத்தனூரில் வேலை பார்த்த டிரைவர் எம்.எஸ்.எம். ஆளாக இருந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் பதிவேடு சொல்லும் வசிப்பிடம் ஜோலார்பேட்டை. இரண்டு கம்பெனிகளின் பாதைகளும் சந்தித்த இடம் அது. ஆகவே குடும்பக் கதை உண்மையாகவே இருக்கலாம். கதை நடந்த ஊர்தான் நீங்கள் நினைத்துக்கொண்டிருந்த ஊர் அல்ல. போத்தனூரைச் சுற்றிச்சுற்றித் தேடுவதை விட்டுவிட்டு, ஜோலார்பேட்டைக் கோயிலின் 1919 முதல் 1922 வரையிலான ஏடுகளைப் பாருங்கள்.

சென்னை மாகாணத்தில் ஆங்கிலேயக் குருமார் நடத்திய ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் படிகள் லண்டனுக்கு அனுப்பப்பட்டன. அவை இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. பெரும்பகுதியை ஃபைண்ட்மைபாஸ்ட் என்ற வம்சாவளித் தேடல் தளத்தில் படமாகவே காணலாம். பிரிட்டிஷ் இந்தியாவில் வாழ்ந்த குடும்பங்களைப் பற்றிய ஃபிபிஸ் அமைப்பின் தளத்தில் இலவசமாகத் தேடவும் முடியும். கத்தோலிக்கப் பதிவுகள் அவற்றில் முழுமையாக இல்லை என்பதால் பாட்டியை அங்கே தேடிக் களைத்துப்போக வேண்டாம். அந்த இரண்டாம் பெயரைக் குடும்பப்பெயராகக் கொண்ட ஆண் எவராவது 1915க்கும் 1930க்கும் இடையில் இந்தப் பகுதியில் மணம் முடித்தாரா, பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்தாரா என்று தேடுங்கள். அத்தகைய பதிவுகளில் தந்தையின் தொழிலையும் எழுதியிருப்பார்கள்.

அரசுப் பிறப்புப் பதிவையும் விட்டுவிடாதீர்கள். அக்காலத்தில் கிராமங்களில் முன்சீப் எழுதிய பதிவேடுகளில் குழந்தையின் பெயர் பெரும்பாலும் இருக்காது, 'பெண்' என்று மட்டுமே இருக்கும். அதனால் பிறந்த தேதியையும் தாயின் பெயரையும் கொண்டுதான் தேட வேண்டும். கிராமங்களின் பழைய பதிவேடுகள் எஞ்சியிருந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் கிடைக்க வாய்ப்புண்டு. அதில் தகவல் கொடுத்தவர் யார் என்ற கலத்தைக் கட்டாயம் படியுங்கள்.

மரபணு வாசகி:

மேலே இருவரும் சொன்னவை பெயர்களைக் கொடுக்கும். அந்தப் பெயருக்கு உரியவர்தான் தகப்பனார் என்பதை உறுதிப்படுத்த டிஎன்ஏ பரிசோதனைதான் வழி. நீங்கள் பரிசோதனை செய்துகொள்வதைவிட உங்கள் அம்மாவும் மாமாவும் செய்துகொள்வது மிகவும் முக்கியம். தேடப்படுபவர் அவர்களுக்குத் தாத்தா. அவரிடமிருந்து அவர்களுக்கு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு வந்திருக்கும், உங்களுக்கு எட்டில் ஒரு பங்குதான். இருவருக்கும் ஒரே பகுதிகள் வந்திருக்காது என்பதால் இருவருமே செய்துகொள்வது நல்லது. ஆண்வழி மட்டும் செல்லும் ஒய் குரோமோசோம் பரிசோதனைக்குப் பணம் செலவழிக்காதீர்கள். மகள் வழியாக வந்த உறவில் அது பயன்படாது.

அந்த மனிதருடைய உடன்பிறப்பின் பேரப்பிள்ளைகள் உங்கள் அம்மாவுக்கு இரண்டாம் நிலைச் சகோதர உறவு. அப்படிப்பட்ட இருவர் சராசரியாக 230 சென்டிமார்கன் (பொதுவான டிஎன்ஏவை அளக்கும் அலகு) அளவுக்குப் பகிர்ந்துகொள்வார்கள். அவருக்குச் சீமையில் வேறு மனைவி வழியாகப் பேரப்பிள்ளைகள் இருந்தால் அது ஏறத்தாழ இரு மடங்காக இருக்கும். தமிழ்க் குடும்பங்களில் மாமன் மகள், அத்தை மகன் திருமணங்கள் பல தலைமுறையாக நடந்திருப்பதால், நம் பக்கத்து உறவுகள் இருப்பதைவிட நெருக்கமானவை போலத் தெரியும். பிரிட்டிஷ் பக்கத்தில் அந்தக் குழப்பம் குறைவு; பரிசோதனை செய்துகொண்டவர்களும் அங்கே மிக அதிகம்.

ஒன்றை முன்கூட்டியே சொல்ல வேண்டும். அம்மாவின் முடிவில் ஐரோப்பிய வம்சாவளி கால் பங்கைவிட மிகக் குறைவாக வந்தால், தேடப்படுபவர் ஆங்கிலோ இந்தியராக இருந்திருக்கலாம். அறவே இல்லையென்றால் வெள்ளைக்காரர் என்ற கதையே தவறு. எந்த முடிவு வந்தாலும் ஏற்றுக்கொள்வோம் என்று பெரியவர்கள் இருவரும் மனப்பூர்வமாகச் சொன்ன பிறகே அனுப்புங்கள். பரிசோதனை முடிவில் உறவு என்று காட்டப்படுபவருக்கு எழுதும் முதல் கடிதத்திலேயே அவருடைய தாத்தாவைப் பற்றிப் பேசாமல், எந்த ஊர், எந்த ஆண்டு என்று மட்டும் கேளுங்கள். அவருக்கும் இது ஒரு தாத்தாவைப் பற்றிய செய்திதான்.

போத்தனூர்ப் பேரன்:

மூவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. பழைய ஏடு ஐயா எழுதியதைப் படித்ததும் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். 'பாத்ரினி'க்குப் பின்னால் கணவன் மனைவி என்று தோன்றும் இரண்டு பெயர்கள் உள்ளன. ஞானத்தகப்பனின் பெயர், பாட்டியின் திருமணப் பதிவில் தகப்பனார் என்று எழுதப்பட்ட அதே பெயர். ஓர் எழுத்துகூட மாறவில்லை. அப்படியென்றால் பெண்ணின் தகப்பன் என்று கல்யாணத்தில் அவர் பெயரைத்தான் கொடுத்திருக்கிறார்கள். பாட்டியை வளர்த்ததும் அவர்களாக இருக்குமோ என்று அம்மா கேட்கிறார். இனி தேட வேண்டியது அந்த இரண்டாம் பெயரை மட்டுமே.

777ஆம் விதியைப் பற்றி அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். மறுபடியும் ஒருமுறை வாசிக்கச் சொன்னார். மாமா பரிசோதனைக்கு அன்றே சம்மதித்துவிட்டார். அம்மா இன்னும் சில நாள் யோசிக்க வேண்டும் என்கிறார், நான் வற்புறுத்தவில்லை. வரும் சனிக்கிழமை ஜோலார்பேட்டைக்குச் செல்கிறேன். 1919 முதல் 1922 வரையிலான ஏடுகளைக் காட்ட அங்குள்ள பங்குத்தந்தை இசைந்திருக்கிறார். அங்கே கிடைப்பதை இதே இடத்தில் எழுதுகிறேன்.