பழைய எல்சிடி மானிட்டரை கண்ணாடி மாதிரி ஆக்கி கொலுவுல வைக்க முடியுமா?

அல்சூர்_கொலு:
வணக்கம், நான் பெங்களூர் அல்சூர்ல இருக்கேன். பரண்ல ஒரு பழைய 19 இன்ச் எல்சிடி மானிட்டர் சும்மா கெடக்கு, ஆன் பண்ணா படம் நல்லாவே வருது. நவராத்திரிக்கு இன்னும் மூணு வாரம்தான். பாட்டி குடுத்த தஞ்சாவூர் தலையாட்டி பொம்மைய ஒரு பெட்டிக்குள்ள வச்சு, முன்னாடி இந்த ஸ்கிரீன வச்சு, பொம்மையும் தெரியணும் அது மேல பூ விழுற மாதிரி படமும் ஓடணும்னு ரொம்ப ஆசை, ஒரு மால்ல செருப்புக்கு இப்படி ஷோகேஸ் வச்சிருந்தத பாத்ததுலேர்ந்து அதே நெனப்பு. பின்னாடி இருக்கற வெள்ளை ஷீட்ட எல்லாம் எடுத்துட்டா போதுமா? ஷாக் அடிக்குமா?

ஈயப்பற்று:
தாராளமா பண்ணலாம்க்கா. எல்சிடி பேனலுக்கு சொந்தமா வெளிச்சம் கெடையாது, பின்னாடி இருக்கற பேக்லைட் வெளிச்சத்த எங்க விடணும் எங்க மறைக்கணும்னு பாத்துக்கறதுதான் அதோட வேலை. அதனால பேக்லைட்டு, அக்ரிலிக் தட்டு, வெள்ளை ஷீட்டுங்க எல்லாத்தையும் கழட்டிட்டா மிச்சம் நிக்கறது ஒரு கண்ணாடிதான். படத்துல வெள்ளையா இருக்கற எடம் பின்னாடி இருக்கறத காட்டும், கருப்பா இருக்கற எடம் மறைச்சிடும். அதனால வீடியோவ வெள்ளை பேக்ரவுண்ட்ல பண்ணுங்க, பூவ மட்டும் நல்ல அடர் கலர்ல போடுங்க.

ஆனா ஜன்னல் கண்ணாடி மாதிரி பளிச்சுனு இருக்கும்னு நெனச்சா ஏமாந்துடுவீங்க. ரெண்டு பக்கமும் போலரைசர் பிலிம், அதாவது ஒரே திசையில அதிர்ற வெளிச்சத்த மட்டும் விடற பிலிம், ஒட்டியிருக்கு, மொத பிலிம்லயே பாதிக்கு மேல வெளிச்சம் போயிடும், அப்புறம் சிவப்பு பச்சை நீலம்னு கலர் பில்டர் வேற, எல்லாம் தாண்டி பத்துல ஒரு பங்கு கூட வெளிய வராது. கூலிங் கிளாஸ் போட்டு பாக்கற மாதிரி இருட்டா இருக்கும். அதனாலதான் பெட்டி முக்கியம்: உள்பக்கம் முழுக்க வெள்ளை பெயின்ட், நாலு ஓரத்துலயும் 12 வோல்ட் வெள்ளை எல்இடி ஸ்ட்ரிப், எஸ்.பி. ரோட்டுல போனா ஸ்ட்ரிப்பும் அடாப்டரும் ஒரே கடையில கெடைக்கும். நீங்க நெனைக்கறத விட ரெண்டு மடங்கு வெளிச்சம் போடுங்க. இருட்டா இருக்கேன்னு போலரைசர மட்டும் உரிச்சிடாதீங்க, உரிச்சா வெறும் வெள்ளையா நிக்கும், படமே தெரியாது.

ஷாக் விஷயம் உண்மையாவே கவனம்க்கா. பவர் போர்டுல கரண்ட சேத்து வச்சுக்கற பெரிய கெப்பாசிட்டர்ல 300 வோல்ட்டுக்கு மேல இருக்கும், பிளக்க புடுங்கினாலும் உடனே எறங்காது, ஒரு நாள் அப்படியே விட்டுட்டு தெறங்க, அப்பவும் அது மேல கை வைக்காதீங்க. பழைய மாடல்னா உள்ள எல்இடி இருக்காது, பேனா ரீபிள் மாதிரி ஒல்லியா டியூப் இருக்கும், அதுக்கு ஆயிரம் வோல்ட் கணக்குல சப்ளை போகும். ஒடைச்சிடாதீங்க, உள்ள பாதரசம் இருக்கு.

டொம்ளூர்_வயர்:
மேல சொன்னது எல்லாம் சரி. நான் ஒரு பேனல இப்படித்தான் கெடுத்தேன், அத சொல்லிடறேன். கண்ணாடியோட மேல் ஓரத்துலேர்ந்து பழுப்பு கலர்ல பட்டையா ரிப்பன் வந்து நீளமான ஒரு போர்டுல சேரும். அந்த போர்டு பின்பக்கம் மடிஞ்சு நிக்கும், பொம்மைய மறைக்குதேன்னு அவசரத்துல இழுத்து நிமித்தினேன், ஒரு ரிப்பன் கண்ணாடிகிட்ட லேசா கிழிஞ்சது, அவ்ளோதான், படத்துல நாலு விரல் அகலத்துக்கு ஒரு பட்டை மொத்தமா போச்சு. அது கண்ணாடியோட சூடு வச்சு ஒட்டினது, சால்டரிங்ல சரி பண்ணவே முடியாது. ரெண்டு பேரா சேர்ந்து தூக்குங்க, போர்ட மெதுவா மேல் பக்கம் நிமித்தி மரச்சட்டத்துக்குள்ள மறைச்சுடுங்க.

அல்சூர்_கொலு:
ரொம்ப நன்றி. டிஎன் பேனல் ஐபிஎஸ் பேனல்னு ஏதோ சொல்றாங்களே, என்னோடது எதுன்னு எப்படி தெரியும்?

ஈயப்பற்று:
கழட்டறதுக்கு முன்னாடியே மானிட்டர ஆன் பண்ணி கீழ குனிஞ்சு பாருங்க, கலரெல்லாம் நெகட்டிவ் மாதிரி தலைகீழா மாறினா டிஎன். பழைய 19 இன்ச்னா அநேகமா டிஎன்தான், உங்களுக்கு அதுதான் நல்லது, கரண்ட் போனாலும் கண்ணாடியாவே நிக்கும். ஐபிஎஸ் கரண்ட் இல்லாதப்போ கருப்பா அடைச்சிக்கும்.

அல்சூர்_கொலு:
நேத்து தம்பிய கூட வச்சுக்கிட்டு கழட்டிட்டேன், டிஎன்தான்! ஜன்னல் பக்கம் தூக்கி புடிச்சா எதிர்வீட்டு துளசி மாடம் புகை மூட்டத்துல தெரியற மாதிரி மங்கலா இருக்கு, ஆனா என் கைய பேனலுக்கு பின்னாடி ஒட்டி வச்சா ரேகை கூட தெரியுது. இது ஏன்?

டொம்ளூர்_வயர்:
முன்பக்கம் பளபளப்பு இல்லாம சொரசொரன்னு ஒரு பூச்சு இருக்கும், கண் கூசாம இருக்க போட்டது, அதுதான் தள்ளி இருக்கறத மங்கலாக்குது. பொம்மைய பேனல்லேர்ந்து நாலஞ்சு இன்ச்சுக்குள்ள வைங்க, பெட்டி ஆழமா வேண்டாம். மூடின பெட்டிக்குள்ள காத்து இல்லன்னா பாட்டி பொம்மை தலையாட்டாது, அதே 12 வோல்ட் அடாப்டர்ல ஒரு பழைய கம்ப்யூட்டர் ஃபேன பின்னாடி ஓரமா மாட்டி விடுங்க, எல்இடி சூடும் வெளிய போயிடும்.