ஏடி9850: 470 ஓம் போட்டதும் அலையின் தலை தட்டையாகிறது

பரந்தன் ரேடியோக்காரன்:
பரந்தனில் ரேடியோ, ஃபேன் திருத்துகிறேன். இரணைமடுப் பக்கத்து ஐயா ஒருவர் வயல் கொட்டிலில் வைத்துக் கேட்கும் பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவைக் கொண்டுவந்தார். ஐஎஃப் (ரேடியோவுக்குள் நிலையம் எதுவானாலும் மாற்றிக்கொள்ளும் இடை அலைவரிசை) சரிபார்க்க 455 கிலோஹெர்ட்ஸ் வேண்டுமே, அதற்காக ஏடி9850 போர்டு, அதாவது கேட்ட அலைவரிசையில் சிக்னல் உண்டாக்கும் சிப் வைத்த போர்டு ஒன்று வாங்கினேன். சிக்னல் கொடுத்தால் ஸ்பீக்கரில் மூச்சே இல்லை. வோல்டேஜ் போதாதாக்கும் என்று, போர்டில் ஃபில்டருக்கு முன்னும் பின்னும் இருந்த 200 ஓம் ரெசிஸ்டர் இரண்டையும் கழற்றி 470 போட்டேன். அறிவியல்நகரில் படிக்கும் மருமகன் அலையின் வடிவைக் காட்டும் ஸ்கோப்பில் பார்த்தான்: அலையின் மேல்பக்கம் மண்வெட்டியால் வழித்த வரம்பு மாதிரி இருக்கிறது. சத்தம் இப்போதும் இல்லை. சிப் போய்விட்டதா?

வவுனியா அண்ணை:
இல்லை தம்பி, பிழை அந்த 470 ஓம்தான். சிப்புக்கு ஒன்றும் இல்லை.

அந்தச் சிப் வெளியே தள்ளுவது வோல்டேஜ் இல்லை, கரண்ட். அதன் 12ஆம் பின்னில் 3.9 கே (கிலோஓம்) ரெசிஸ்டர் இருக்கும். உள்ளே 1.248 வோல்ட், வகுத்தால் 0.32 மில்லியம்பியர். அதன் 32 மடங்கு, 10.24 மில்லியம்பியர், உச்சத்தில் வெளியே வரும். முன்பு இரண்டு 200உம் சமாந்தரமாக 100 ஓம், ஒரு வோல்ட் சொச்சம். இப்போது 235 ஓம், 2.4 வோல்ட் வர வேண்டும். சிப்பின் கரண்ட் வெளிவரும் கால் 1.5 வோல்ட்டுக்கு மேல் தாங்காது, தலை தட்டையாகிவிடும். ஃபில்டரும் 200க்குக் கணக்குப் பண்ணியது, பழையதையே போடுங்கள்.

ஐஎஃப்புக்கு ஒரு வோல்ட்டே அதிகம். சிக்னல் கூடினால் ரேடியோவின் பெருக்கத்தைத் தானாகக் குறைக்கும் ஏஜிசி பிடித்துக்கொள்ளும், மில்லிவோல்ட் கணக்கில் குறைத்துக் கொடுங்கள். இடையில் டிசியை மறிக்கக் கண்டன்சர் போட்டீர்களா? நேரே டிரான்சிஸ்டரின் பேஸ் காலில் கொடுத்தால் அந்த 100 ஓம், அதை வேலை செய்ய வைக்கும் டிசி வோல்டேஜான பயாஸை நிலத்துக்கு இழுத்து டிரான்சிஸ்டரைப் படுக்க வைத்துவிடும்.

பரந்தன் ரேடியோக்காரன்:
கண்டன்சர் போடவில்லை அண்ணை, வெட்கமாக இருக்கிறது. 0.1 மைக்ரோஃபாரட் போட்டுவிட்டேன், 200உம் திரும்ப வந்துவிட்டது. அலை வடிவாக இருக்கிறது. ஆனால் சத்தம்?

வவுனியா அண்ணை:
ஒலி ஏற்றாத வெறும் கரியர் அலை எப்படிப் பாடும்? மீட்டரை ஏஜிசி கோட்டில் வைத்துப் பார்த்தால் ஊசி அசையும். காதால் கேட்க வேண்டுமென்றால் 3.9 கேயின் நிலப்பக்கக் காலைத் தூக்கி, இடையில் 2என்7000 என்ற ஃபெட் டிரான்சிஸ்டர் ஒன்று வையுங்கள். அதன் கேட் காலுக்கு டிசி பயாஸ் கொடுத்து, அதன் மேல் 1 கிலோஹெர்ட்ஸ் ஒலி சிக்னல். வெளிக் கரண்ட் ஏறி இறங்கும், ஒலிக்கேற்ப அலையின் உயரம் மாறும் ஏஎம் கிடைக்கும். ஃபெட் முழுதாகத் திறந்தாலும் 3.9 கே தொடரில் இருப்பதால் 10.24ஐத் தாண்டாது. பயாஸைப் பாதிக் கரண்டில் நிற்கிற மாதிரித் திருகி வையுங்கள்.

பரந்தன் ரேடியோக்காரன்:
கூவுகிறது! மூன்றாவது ஐஎஃப் கேன் (உலோக மூடிக்குள் இருக்கும் சுருள்) மட்டும் மசியவில்லை. கழற்றிப் பார்த்தால் உள்ளே திருகும் கோர் இரண்டாக வெடித்திருக்கிறது, முன்பு யாரோ இரும்புத் திருப்புளியால் திருகியிருக்கிறார்கள். மஞ்சள், வெள்ளை, கறுப்பு வரிசையில் மூன்றாவதான கறுப்புக் கேன் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.