ஜிம்னி பின்பக்க ஷாக்: 2 இன்ச் நீளமானதா, கம்பெனி அளவா?

செம்மண்தடம்:
வண்டி ஐந்து கதவு மாருதி ஜிம்னி. ஜூலையில் கோவையிலிருந்து இமாச்சலத்தின் ஸ்பிதி பள்ளத்தாக்குக்குப் போகிறோம். நான், மனைவி, வளர்ந்த இரண்டு பிள்ளைகள். சாமான் ஏற்றினால் ஸ்பீட் பிரேக்கரில் பின்பக்கம் 'டம்'மென்று அடிக்கிறது, இறங்கிய பிறகும் இரண்டு மூன்று தடவை ஆடுகிறது. பின்னால் மட்டும் 2 இன்ச் நீளமான, ரிசர்வாயர் (கூடுதல் சிறு கலன்) வைத்த மோனோட்யூப் (ஒற்றைக் குழாய்) ஷாக் அப்சார்பர் போட்டால் போதும் என்கிறார் கடைக்காரர். போடலாமா?

பாறைவழி:
தாராளமாகப் போடுங்கள். ஸ்பிதி போகும் வழியில் கிராம்ஃபூ தாண்டிப் பாத்தல் வரைக்கும் ரோடு என்று பேருக்குத்தான், கல்லும் ஓடையும்தான். அங்கே ஷாக் மணிக்கணக்கில் ஓயாமல் வேலை செய்யும். ட்வின்ட்யூபில் (இரட்டைக் குழாய் ஷாக்கில்) எண்ணெயும் காற்றும் ஒரே அறையில் இருப்பதால் சூடேறினால் நுரைத்துவிடும். நுரைத்த எண்ணெய் எதையும் அடக்காது. மோனோட்யூபில் நடுவே மிதக்கும் பிஸ்டன் இரண்டையும் பிரித்துவிடுகிறது. சுவரும் ஒன்றே என்பதால் சூடு நேராக வெளியே போகும். நீளத்துக்கும் காரணம் உண்டு. ஜிம்னியில் முன்னும் பின்னும் கட்டி ஆக்சில் (இரு பக்கச் சக்கரங்களையும் இணைக்கும் ஒரே அச்சு), ஒரு சக்கரம் மேலே ஏறினால் மறுபக்கம் கீழே இறங்க வேண்டும். ஷாக் குட்டையாக இருந்தால் அந்தச் சக்கரம் அந்தரத்தில் தொங்கும். இரு சக்கரமும் ஒன்றாகச் சுழலப் பூட்டும் டிஃப் லாக்கும் கிடையாது, வெறுமனே சுழலும் சக்கரத்தைப் பிரேக் பிடித்துத்தான் அடக்குகிறது. சக்கரம் தரையில் இருப்பதே பெரிய பலம்.

தராசு:
எனக்கு இதில் உடன்பாடில்லை. நண்பர் சொல்வது இரண்டு வேறு நோய்கள். இறங்கிய பிறகு ஆடுவது ஷாக் விஷயம், சரி. 'டம்'மென்று அடிப்பது பெரும்பாலும் ஸ்பிரிங்கும் பாரமும். எடையைச் சுமப்பது ஸ்பிரிங்தான், ஷாக் அதன் ஆட்டத்தை அடக்குவதோடு சரி. கணக்குப் பாருங்கள். இந்த வண்டியின் எடை சுமார் 1,200 கிலோ, ஆளும் சாமானும் சேர்த்து அனுமதி 1,545 கிலோ. ஆளுக்கு 70 என்றாலும் நாலு பேர் 280. மிச்சம் 65 கிலோ. அதற்குள் கூரை கேரியர், இரும்பு பம்பர், தண்ணீர், கூடாரம் எல்லாம் அடங்குமா? என்ன ஷாக் போட்டாலும் அந்த 1,545 ஏறப்போவதில்லை. ஒரு ரூபாய் செலவழிக்கும் முன் எல்லாவற்றையும் ஏற்றி எடைமேடைக்குப் போங்கள். பின் ஆக்சிலைத் தனியாகவும் நிறுத்திப் பாருங்கள்.

பாறைவழி:
பாரம் முக்கியம், மறுக்கவில்லை. ஆனால் ஷாக் சுமக்கவே சுமக்காது என்பது முழு உண்மையில்லை. மோனோட்யூபில் உள்ள நைட்ரஜன் வாயு பிஸ்டன் தண்டை எப்போதும் வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். அதோடு வேகமாக அமுங்கும்போது நல்ல வால்வு எதிர்த்து நிற்கும், 'டம்' குறையும்.

தராசு:
தள்ளும், எவ்வளவு? தண்டு 14 மி.மீ., அழுத்தம் 20 பார் என்று வைத்தால் ஒரு ஷாக்குக்கு 30 கிலோ சொச்சம். வண்டி கொஞ்சம் நிமிரும், ஆனால் அதை நம்பிச் சாமான் ஏற்ற முடியாது.

நீளம்தான் எனக்குப் பெரிய கவலை. 2 இன்ச் நீள ஷாக் என்றால் பெரும்பாலும் அமுங்கிய நிலையிலும் நீளம் கூடுதலாகத்தான் இருக்கும். ஆக்சில் பம்ப் ஸ்டாப்பை (மேலே தடுத்து நிறுத்தும் ரப்பரை) தொடும் முன் ஷாக் உள்ளே முட்டிவிட்டால் அடி முழுவதும் ஷாக்கின் மேல்பிடிக்குப் போகும். அது பிய்ந்துபோன வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். கீழே இறங்கும்போதும் வேலை இருக்கிறது. பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் ஒயர் எட்டுமா? காயில் ஸ்பிரிங் தன் இடத்தை விட்டு நழுவுமா? இத்தனை நாள் அந்த எல்லையைப் பிடித்து வைத்திருந்ததே கம்பெனி ஷாக்தான்.

ஏலமலை:
பட்டறைக்காரன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். செம்மண்தடம் தம்பி, கடைக்காரரிடம் ஷாக்கின் அமுங்கிய நீளம், விரிந்த நீளம் இரண்டையும் மி.மீ.யில் கேளுங்கள். சொல்லத் தெரியவில்லை என்றால் அந்தக் கடையில் வாங்காதீர்கள். வண்டியைச் சேசிஸில் ஸ்டாண்ட் கொடுத்துத் தூக்கி, காயிலைக் கழற்றிவிட்டு, ஜாக்கியால் ஆக்சிலைப் பம்ப் ஸ்டாப் வரை ஏற்றி, ஷாக்கின் இரண்டு பிடிக்கும் நடுவே அளந்தால் உண்மை தெரிந்துவிடும். ஒரு பக்கம் மட்டும் ஏற்றியும் அளக்க வேண்டும்.

கல்லடியையும் யாரும் பேசவில்லை. மோனோட்யூபில் பிஸ்டன் ஓடுவதே வெளிச்சுவரில்தான். அதில் கல் பட்டு நசுங்கினால் அங்கேயே சிக்கிக்கொள்ளும். ட்வின்ட்யூப் வெளியே நசுங்கினாலும் உள்குழாய் தப்பினால் ஊர் வந்து சேரலாம். ஸ்பிதியில் காசா ஊரில் ஷாக் உடைந்தால் உதிரி தேடி அலைய வேண்டும்.

இன்னொன்று, பின்னால் மட்டும் இறுக்கமான வால்வுள்ள ஷாக் போட்டால், வெறும் வண்டியில் வரிவரியாக மேடுபள்ளம் விழுந்த மண் ரோட்டில் ஸ்பிரிங் விரிய நேரம் கிடைக்காது. ஒவ்வொரு மேட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்பக்கம் உட்கார்ந்துவிடும், பிறகு வால் வழுக்கும்.

பாறைவழி:
கல்லடிக்குப் பயந்தால் தலைகீழாக மாட்டலாம். மோனோட்யூபில் அது முடியும், குழாய் மேலே போய்விடும்.

ஏலமலை:
மாட்டலாம், அப்போது தண்டு கீழே வரும். தண்டில் ஒரு கீறல் விழுந்தால் சீல் போச்சு. காப்புறை இல்லாமல் மாட்டிக் கொடுக்க மாட்டேன்.

தராசு:
சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் சொன்னதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

பாறைவழி:
ஷாக் விவரம் ஆர்சியில் எங்கே இருக்கிறது? வண்டியை உயர்த்தாமல் அதே அளவில் மாற்றுவதையும் லிஃப்ட் செய்வதையும் ஒன்றாக்காதீர்கள்.

செம்மண்தடம்:
எடை போட்டுவிட்டேன். நாங்கள் நாலு பேர், கேரியர், எல்லாச் சாமானும் சேர்த்து 1,590 கிலோ. கேரியரையும் அதன் மேல் இருந்ததையும் இறக்கினால் 1,530. 'டம்' இப்போதே பாதி குறைந்துவிட்டது, ஆட்டம் அப்படியே இருக்கிறது. வலது ஷாக்கில் எண்ணெய்க் கசிவும் தெரிகிறது.

தராசு:
அப்படியானால் இரண்டு பக்கமும் மாற்றியே ஆக வேண்டும். கம்பெனி நீளம், நல்ல ட்வின்ட்யூப். ஸ்பிரிங்கை இப்போது தொடாதீர்கள். வருடத்தில் ஒரு பயணத்துக்காகக் விறைப்பான ஸ்பிரிங் போட்டால் மீதி நாளெல்லாம் உங்கள் பிள்ளைகளின் முதுகுதான் வாங்கும்.

பாறைவழி:
நீளத்தை விட்டுக்கொடுக்கிறேன், இந்தப் பயணத்துக்கு அது தேவையில்லை. மோனோட்யூபை விடமாட்டேன். கம்பெனி அளவிலேயே கிடைக்கிறது, ரிசர்வாயர் வேண்டாம். மலை ஏறும்போது சூடு தாங்கும் ஷாக்கும் தாங்காத ஷாக்கும் எப்படி நடந்துகொள்ளும் என்று மதியத்துக்கு மேல் ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

ஏலமலை:
எதை வாங்கினாலும் புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே மாட்டி, வால்பாறை வரை முழுப் பாரத்தோடு ஓட்டிவிட்டு வாருங்கள். ஷாக்கின் ரப்பர் புஷ் போல்ட்டைச் சக்கரம் தரையில் இருக்கும்போது முறுக்கச் சொல்லுங்கள். தொங்கும் நிலையில் முறுக்கினால் ரப்பர் சீக்கிரம் கிழியும். மண் ரோட்டில் டயர் காற்றை 20 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்குங்கள், தார் ரோடு வந்ததும் மறுபடி அடித்துவிடுங்கள். கசியாத அந்த இடது ஷாக்கைக் கழற்றியதும் எறியாமல் கையோடு எடுத்துப் போங்கள்.

தராசு:
அது 3 கிலோ இருக்கும், மிச்சமிருக்கும் 15 கிலோவில் கழித்துக்கொள்ளுங்கள்.