புதுப்பிப்பு: ஃபிளாண்டர்ஸ் பந்தயம் பார்த்தாச்சு

பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் சைக்கிள் பந்தயத்தைப் பழைய குவாரெமோன்ட் ஏற்றத்தில் நின்று பார்ப்பதா, பேட்டர்பெர்க்கிலா என்று முன்பு கேட்டிருந்தேன். அங்கே கென்ட் (Ghent) நகரில் நண்பர்கள் வீட்டில் தங்கி, அவர்களையும் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டேன். குவாரெமோன்ட்தான் சரி. பேட்டர்பெர்க் 20 சதவீதம் வரை செங்குத்து என்றாலும் 400 மீட்டர்கூட இல்லை, இதுவோ 2 கிலோமீட்டருக்கு மேல், ஆண்கள் இதில் மூன்று முறை ஏறுகிறார்கள், நிற்கவும் இடம் கிடைக்கிறது. கைக்கெட்டும் தூரத்தில் முகமெல்லாம் புழுதியோடு அவர்கள் போகும்போது, கல் பாவிய பாதையில் சங்கிலி படபடவென்று அடிக்கிற சத்தம் இருக்கிறதே, டிவியில் அது கேட்கவே கேட்காது! அப்புறம், அன்றே பெண்கள் பந்தயமும் இதே வழியாக வரும், தயவுசெய்து பார்க்காமல் கிளம்பாதீர்கள். கென்ட்டிலிருந்து ஏற்றங்களுக்கு அருகிலுள்ள ஊரான ஔடெனார்டேவுக்கு நேர் ரயில் உண்டு, கார் வேண்டாம்.