நயவுரையில் குறைகளையும் கூறலாமா?

வினா: வெள்ளவத்தை வாசகன்

அன்பர்களே, அடுத்த மாதம் வெள்ளவத்தையில் நடைபெறவுள்ள ஒரு சிறுகதைத் தொகுதியின் வெளியீட்டு விழாவில் நயவுரை, அதாவது நூலின் சிறப்பை எடுத்துரைக்கும் உரை, ஆற்றுமாறு என்னை அழைத்திருக்கிறார்கள். நூலாசிரியர் என்னுடன் ஒரே திணைக்களத்தில் 11 ஆண்டுகள் பணியாற்றியவர். தொகுதியில் உள்ள 12 கதைகளில் மூன்று மிக நல்ல கதைகள். பாணந்துறையிலிருந்து நாள்தோறும் புகையிரதத்தில் வேலைக்கு வரும் ஒரு பெண்ணைப் பற்றிய கதை அவற்றுள் ஒன்று. ஏனையவற்றில், இறுதிப் பந்தியில் ஆசிரியரே எழுந்து நின்று நீதி சொல்லிவிடுகிறார். அத்துடன் மட்டக்களப்பு மீனவரும் யாழ்ப்பாணத்து ஆசிரியையும் எவ்வித வேறுபாடுமின்றி ஒரே பேச்சைப் பேசுகிறார்கள்.

சென்ற ஆண்டு இப்படியொரு மேடையில் நான் புகழ்ச்சியை மட்டும் சொல்லிவிட்டு இறங்கினேன். என் சொல்லை நம்பி நூலை வாங்கிய ஓர் ஆசிரியர், சில வாரங்களின் பின் என்னைக் கண்டபோது, "ஐயா, நீங்கள் அந்தப் புத்தகத்தை உண்மையிலேயே வாசித்தீர்களா?" என்று மிகவும் பணிவாகக் கேட்டார். அந்தப் பணிவுதான் இன்னும் உறுத்துகிறது. நூலைப் பற்றிப் பேச வருபவர் யாருக்குக் கடமைப்பட்டவர்? குறைகளை மேடையிலேயே கூறலாமா, அல்லது அழைப்பை மறுத்துவிடுவதே முறையா?

பதில் 1: ஓய்வுபெற்ற ஒப்புநோக்குநர்

மேடையில் கூற வேண்டாம். நம் நாட்டில் பெரும்பாலான எழுத்தாளர்கள் தங்கள் கைப்பணத்தைக் கொண்டே நூலை அச்சிடுகிறார்கள். நான் பார்த்தவற்றுள் பல 300 பிரதிகளைத் தாண்டியதில்லை. விழாவில் சிறப்புப் பிரதி பெறுபவர்கள் பணம் வைத்துக் கொடுக்கும் கடித உறைகளைக் கொண்டுதான் அச்சகக் கடன் தீரும். அன்றைக்கு நீங்கள் ஒன்பது கதைகள் தேறவில்லை என்று சொன்னால், பின்வரிசையில் இருப்பவர் உறையைத் திரும்பவும் சட்டைப் பையில் வைத்துவிடுவார். விழா முடிந்த பின் பத்திரிகைக்கு எழுதுங்கள்.

பதில் 2: ஏட்டுச்சுவடி

மேலே கூறப்பட்டிருக்கும் நடைமுறை அறிவை நான் மறுக்கவில்லை. ஆயினும் நயவுரை, மதிப்புரை, திறனாய்வு ஆகிய மூன்றையும் ஒன்றாகக் கருதுவதால்தான் இக்குழப்பம் எழுகிறது. நூலையும் ஆசிரியரையும் அறிமுகப்படுத்தும் முன்னுரையான சிறப்புப்பாயிரத்தைச் சொல்லத் தக்கவர் யாவர் என்று கூறும் இலக்கண நூலான நன்னூல், தன் ஆசிரியன், தன்னொடு கற்றோன், தன் மாணாக்கன், தகும் உரைகாரன் என நால்வரைக் குறிப்பிடுகிறது. நால்வருமே ஆசிரியருக்கோ நூலுக்கோ நெருங்கியவர்கள். தன்னைத் தானே புகழ்தல் தகுதியன்று என்பதால் அப்பொறுப்பு அவர்களிடம் விடப்பட்டது. உங்கள் நயவுரை அந்தப் பாயிரத்தின் வழிவந்தது. இல்லாத சிறப்பைச் சொல்லாதவரை அதில் பொய் எதுவும் இல்லை. நூலைச் சோதிக்கும் இடம் வேறு. தொல்காப்பியப் பாயிரம், அந்நூல் அதங்கோட்டாசான் என்ற அறிஞருக்கு 'அரில்தபத் தெரிந்து', அதாவது குற்றமறத் தெரிவித்துக் காட்டப்பட்டதாகக் கூறுகிறது. நாமோ பாயிரத்தை மட்டும் வைத்துக்கொண்டு, அறிஞர் முன் நூலைச் சோதிக்கும் அரங்கேற்றத்தைக் கைவிட்டுவிட்டோம். (அரங்க வாடகையை மட்டும் தவறாமல் கொடுக்கிறோம்.)

திறனாய்வு தன் வேலையைச் செய்தால் என்ன நிகழும் என்பதற்கு நம்மிடமே சான்று உண்டு. ஒடுக்கப்பட்ட மக்களின் பேச்சைக் கதைகளில் எழுதியவர்களை, 1960களின் தொடக்கத்தில், மரபறிஞர் சிலர் 'இழிசனர் வழக்கு' என்று பழித்தார்கள். டொமினிக் ஜீவா, கே. டானியல் போன்றோரின் எழுத்து அப்பழிப்பைத் தாங்கி நின்றதற்கு அவர்களுடைய திறமை மட்டும் காரணமன்று. அவ்வெழுத்தை எப்படி வாசிக்க வேண்டும் என்று க. கைலாசபதி, கா. சிவத்தம்பி முதலிய முற்போக்குத் திறனாய்வாளர்கள் ஒரு தலைமுறை வாசகருக்குக் கற்பித்ததும் காரணமாகும். கைலாசபதி கொழும்பு நாளிதழான தினகரனின் ஆசிரியராக இருந்த காலத்தில் ஈழத்து எழுத்துக்குக் கொடுத்த இடத்தையும் இதனுடன் சேர்த்தே எண்ண வேண்டும்.

அதே அணியினரின் மௌனத்தையும் நான் மறைக்க விரும்பவில்லை. ஈழத்துக் கவிஞர் மஹாகவி (து. உருத்திரமூர்த்தி), எழுத்தாளர் மு. தளையசிங்கம் ஆகியோரை அவர்கள் போதிய அளவு கவனிக்கவில்லை என்ற குற்றச்சாட்டு நெடுங்காலமாக உண்டு. எனக்கு அது நியாயமாகவே படுகிறது. மஹாகவி 1971 இல் மறைந்தார். அவருடைய கவிதையின் பெறுமதியை விடாமல் எடுத்துரைத்தவர்களுள் முதன்மையான எம். ஏ. நுஃமான் தாமும் மார்க்சியத் திறனாய்வாளரே என்பதை மறந்துவிடலாகாது. கடுமையாக எழுதப்பட்ட ஒரு மதிப்புரைக்கு எழுத்தாளர் மறுப்பு எழுதலாம், கோபிக்கலாம், நண்பர்களைத் திரட்டலாம். எழுதப்படாத மதிப்புரைக்கு அவர் எதைக் கொண்டு பதில் சொல்வார்?

பதில் 3: தெகிவளைச் சந்தி

கடைசி வரியை அனுபவித்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். என் முதல் தொகுதி வெளிவந்தபோது ஒரு பத்திரிகையில் 'நூல் அறிமுகம்' என்ற தலைப்பில் 15 வரிகள் வந்தன. அவற்றுள் ஒன்பது வரிகள் பின்னட்டையில் நானே எழுதியவை. மிகுதி அணிந்துரையிலிருந்து எடுக்கப்பட்டவை. நான் அந்தத் துண்டை வெட்டி வைத்திருக்கிறேன் என்பது வேறு விடயம். அதன்பின் அந்நூலைப் பற்றி எவரும் ஒரு சொல்லும் எழுதவில்லை.

ஏட்டுச்சுவடி அவர்கள் பெரிய திறனாய்வாளர்களைப் பற்றியே பேசுகிறார். நாளாந்த வாசகருக்குத் தேவைப்படுபவர் அவர்களிலும் சிறிய வேலையைச் செய்பவர் என்று நான் கருதுகிறேன். 2022 இல் மறைந்த கே. எஸ். சிவகுமாரன் கொழும்புப் பத்திரிகைகளில் பல பத்தாண்டுகள் பத்தி எழுதினார். ஆங்கிலம் மட்டும் வாசிப்பவர்களும் தமிழில் என்ன எழுதப்படுகிறது என்று அறியும்படி ஆங்கிலத்திலும் எழுதினார். அவர் மிகவும் தாராளமாகப் பாராட்டுகிறார் என்று சிலர் குறைபட்டதுண்டு, நானும் குறைபட்டிருக்கிறேன். ஆனால் புதிதாக வந்த நூலொன்றைத் திறந்து பார்க்க ஒருவர் இருந்தார். முகநூலில் அட்டைப்படத்துக்குக் கீழே 'வாழ்த்துகள்' என்று எழுதும் இருநூறு பேரில் எத்தனை பேர் அட்டையைத் தாண்டியிருப்பார்கள்?

வினா எழுப்பியவருக்கு ஒன்று சொல்கிறேன். மட்டக்களப்பு மீனவரின் பேச்சுப் பற்றி நீங்கள் கண்டதை எனக்கு ஒருவர் அன்று சொல்லியிருந்தால், என் இரண்டாம் தொகுதி வேறு மாதிரி அமைந்திருக்கும். ஆகவே அழைப்பை மறுக்காதீர்கள்.

வினா எழுப்பியவர் மீண்டும்: வெள்ளவத்தை வாசகன்

அனைவருக்கும் நன்றி. மேடையில் அந்த மூன்று கதைகளைப் பற்றி மட்டும், ஆனால் வரிகளை எடுத்துக்காட்டி விரிவாகப் பேசுவது என்று முடிவு செய்திருக்கிறேன். மற்ற ஒன்பதைப் பற்றி நேற்று இரவு நூலாசிரியரிடம் தொலைபேசியில் கதைத்தேன். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "எந்தெந்தக் கதைகளின் இறுதிப் பந்தி என்று எழுதி அனுப்புங்கள், இரண்டாம் பதிப்பு வந்தால் பார்ப்போம்" என்றார். முதற்பதிப்பே இன்னும் அச்சகத்திலிருந்து வந்து சேரவில்லை. பட்டியலை இன்று மாலை அனுப்புகிறேன்.